பின்செட்டர் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது: பழுது கண்டறிதலும் சரிசெய்தலும்

பவுலிங் லேனின் கோடியில் மறைந்து நின்று, பந்து வீழ்த்தும் கட்டைகளான பின்களை மீண்டும் அடுக்கிவைக்கும் இயந்திரமான பின்செட்டரைப் பழுதுபார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இயந்திரம் நிற்கும் இடமும் பழுது இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதே. பின்களைத் தூக்கி வைக்கும் பாகமான டெக் பாதி வழியில் நின்றால் டெக்கின் மோட்டாரையே சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் ஒரு பின் தலைகீழாக வந்து சிக்கியிருப்பதுதான் உண்மையான காரணமாக இருக்கலாம். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இயந்திரம் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிக்கிய பின்னை எடுத்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

அதற்கும் முன்னதாகப் பாதுகாப்பு. இயந்திரத்தை அதன் சுவிட்சில் நிறுத்துவது மட்டும் போதாது. மின் இணைப்பைத் துண்டித்து, வேறொருவர் அறியாமல் மீண்டும் இணைத்துவிடாதபடி பூட்டோ எச்சரிக்கை அட்டையோ மாட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத நிலையிலும் டெக்கும், விழுந்த பின்களைத் தள்ளும் ஸ்வீப்பும் தம் எடையாலோ ஸ்ப்ரிங்கின் இழுவிசையாலோ சட்டென்று இறங்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு அடியில் கை வைப்பதற்கு முன் முட்டுக் கொடுப்பது அவசியம். லேனின் முடிவில் பந்தும் பின்களும் விழும் குழிக்குள் இறங்கும்போது அந்த லேனில் யாரும் பந்து உருட்டாதபடி தடுத்துவிட்டு, முன்பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள பந்து வருகிற வழியில்தான் மெக்கானிக்கின் தலை இருக்கிறது.

சுழற்சியின் வரிசை மனத்தில் பதிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். பந்து வந்ததைச் சென்சார் உணர்ந்ததும் ஸ்வீப் கீழிறங்கி லேனை மறைக்கிறது. டெக் இறங்கி, நிற்கும் பின்களைப் பிடித்துத் தூக்குகிறது. ஸ்வீப் விழுந்தவற்றைக் குழிக்குள் தள்ளுகிறது. டெக் மீண்டும் இறங்கி, தூக்கியவற்றை எடுத்த இடத்திலேயே வைக்கிறது. குழியில் ஓடும் கார்ப்பெட் பின்களை எலிவேட்டர் சக்கரத்துக்குக் கொண்டுசெல்ல, அது மேலே ஏற்ற, பகிர்வுப் பகுதி ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் சேர்க்கிறது. 1960-களில் வந்த பிரன்ஸ்விக் ஏ-2, ஏஎம்எஃப் 82-70 போன்றவை இவற்றைக் கேம், கியர், சுவிட்சுகளால் ஒழுங்குபடுத்துகின்றன. ஜிஎஸ்-எக்ஸ் போன்ற பிற்கால இயந்திரங்கள் நின்றவுடன் பிழைக் குறியீட்டைக் காட்டும். அந்தக் குறியீடு சொல்வது எந்தச் சென்சாருக்கு எதிர்பார்த்த பதில் வரவில்லை என்பதைத்தான். ஏன் வரவில்லை என்பதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நிற்பதெல்லாம் பழுதும் அல்ல. பந்து உரசியதில் ஒரு பின் விழாமல் நகர்ந்து, டெக்கின் பிடிக்கு எட்டாத இடத்தில் நின்றுவிட்டால், இறங்கி வரும் டெக் அதன் தலையில் மோதி நின்றுவிடும். இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம் அது. தடையை நீக்கி, விதிப்படி பின்களை வைத்து, சுழற்சியை முடித்துவிட்டால் போதும். இதற்காக எந்த ஸ்குரூவையும் திருகக் கூடாது.

அடிக்கடி தலைவலி தருவது பின்கள் போதாமல் டெக் காத்துக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு இயந்திரத்திலும் இரண்டு தொகுதி பின்கள், அதாவது 20-ம், பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றிரண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து லேனுக்குத் தாவிய பின்னும், குழியின் மூலையில் ஒதுங்கிய பின்னும் இந்த எண்ணிக்கையில்தான் சிக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால், அவை எங்கே குவிந்துள்ளன என்று பார்க்க வேண்டும். குழியிலேயே குவிந்திருந்தால் கார்ப்பெட் நழுவுகிறது: உருளையில் எண்ணெய் படிந்திருக்கலாம், கார்ப்பெட் ஒரு பக்கமாக ஒதுங்கி விளிம்பு பிசிறியிருக்கலாம், அல்லது உருளையின் பேரிங் இறுகியிருக்கலாம். ஒதுங்கும் கார்ப்பெட்டை இழுத்து இறுக்கியே நேராக்க முயல்வது பலர் செய்வது. உருளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதவரை அது பேரிங்கைத்தான் தின்னும். எலிவேட்டரின் வாயில் குவிந்திருந்தால், சக்கரத்தை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றி அதன் உள்முகத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்துக் கறுத்திருந்தால் அது புல்லியில் வழுக்கி எரிந்திருக்கிறது என்று பொருள். துடைத்து மாட்டுவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மேலே ஏறிய பின்கள் பகிர்வுப் பகுதியில் சிக்கினால், அங்குள்ள வழிகாட்டித் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பின்கள் தம் புள்ளியில் நிற்காமல் விலகி நிற்பது இன்னும் நுணுக்கமான விஷயம். அண்டைப் புள்ளிகளுக்கு இடையே 12 அங்குலம் இருக்க வேண்டும். சிறிய விலகலும் பந்து தாக்கும் கோணத்தை மாற்றிவிடும். சரிசெய்யத் தொடங்கும் முன், பந்தில்லாமல் பத்துப் பின்களையும் பலமுறை வைக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் விலகலை வரைந்துகொள்ள வேண்டும். பத்தும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் டெக் முழுவதுமே லேனுக்கு நேராக இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக விலகினால், அந்தப் பக்கத்து இணைப்புக் கம்பியிலோ புஷ்ஷிலோ தேய்மானம் உண்டு. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் விலகல் என்றால், அந்தப் புள்ளிக்குரிய பிடியின் ஸ்ப்ரிங்கையோ ரப்பரையோ பார்க்க வேண்டும். பின்கள் ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறி வருவதால், விலகல் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் பின்மீது குற்றமில்லை. விலகல் இடம் மாறிக்கொண்டே இருந்தால்தான் பின்களின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேப்பிள் மரத்தின் மேல் பிளாஸ்டிக் பூசிய பின்னின் அடிவளையம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், டெக் விட்டதும் அது ஆடி நகரும். என்னைக் கேட்டால், டெக்கைத் திருத்தும் முன் நல்ல பின்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சிக்கனமான வழி.

பந்து திரும்பி வராததற்குப் பெரும்பாலும் எண்ணெயே காரணம். லேனில் பூசிய எண்ணெயைப் பந்து சுமந்துவந்து ஏற்றும் பெல்ட்டில் தடவிவிடுகிறது. எடை குறைந்த பந்துகள் மட்டும் திரும்பாமல் தங்கினால் பிடிமானம் குறைந்துவருகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. தயாரிப்பாளர் அனுமதித்த துப்புரவுத் திரவத்தால் பெல்ட்டைத் துடைத்து, அதன் பிறகும் வழுக்கினால் மட்டுமே இழுவையைச் சற்றே கூட்ட வேண்டும்.

மின்பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை தூசி படிந்த ஒளிச் சென்சாரும் தளர்ந்த இணைப்பு முனைகளும்தான். சுமை மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் மோட்டாரின் ஓவர்லோடு மீண்டும் மீண்டும் விழுந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கம் தெரிந்தால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. எரிந்த ஃப்யூஸுக்குப் பதிலாகக் கூடுதல் திறன் கொண்டதைப் போடுவது மோட்டாரை எரிப்பதற்குச் சமம்.

பழுது நீங்கிய பிறகு, கழற்றிய காவல் தகடுகளை எல்லாம் மாட்டி, கருவிகளைக் குழியிலிருந்து எடுத்துவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். முதல் சில சுற்றுகளைப் பந்தில்லாமல் ஓட்டி, அடுத்து ஒரு பந்தை உருட்டி, அது திரும்பும் வரை அங்கேயே நின்று கேட்க வேண்டும். பிறகு லேன் எண்ணையும், நின்ற கட்டத்தையும், மாற்றிய பாகத்தையும் பதிவேட்டில் எழுதி, இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே எத்தனை ஃப்ரேம்கள் (ஆட்டச் சுற்றுகள்) ஓடின என்பதையும் குறிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும் லேனைத்தான் அடுத்த பராமரிப்பு நாளில் முதலில் பிரிக்க வேண்டும்.