எலிக்கு வந்த மறதியும் பிள்ளையின் படிப்பும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், வலிப்பு கண்ட பிள்ளையின் தாய் கொழுந்து மடுவத்திலிருந்து நேரே வந்து கேட்டார்: "டீச்சர், வலிப்பு வந்த எலிக்கெல்லாம் மறதி வந்திருச்சாம், போன்ல போட்டிருக்காங்க. புள்ளைய ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டிறவா?"

வேண்டாம். எல்லா வலிப்பையும் ஒன்றாக எண்ணுவதுதான் முதல் தவறு. ஆய்வுகூடத்து எலிகளான அவற்றில் பலவற்றுக்கு வலிப்பு தானாக வரவில்லை. வலிப்பைத் தூண்டும் பைலோகார்பைன் அல்லது கைனிக் அமிலம் கொடுத்து, மணிக்கணக்கில் ஓயாத வலிப்பை வரவழைக்கிறார்கள். அதனால் மூளையில் இடங்களை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உயிரணுக்கள் சாகின்றன. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு வந்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் வலிப்பு வேறு. அது படிப்பைக் கெடுப்பதில்லை என்று பிள்ளைகளையே ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கண்டிருக்கிறார்கள்.

மறதியை எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் நம்புவது அடுத்தது. ஆய்வாளர் ரிச்சர்ட் மொரிஸ் 1981இல் விவரித்த நீர்த்தொட்டியில், கலங்கிய நீருக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். சுற்றிலும் உள்ள அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு நல்ல எலி சில நாட்களில் நேரே போய் ஏறிவிடும். வலிப்பு கண்டது சுற்றிச் சுற்றி அலையும். ஆனால் அதற்குக் கண் மங்கியிருக்கலாம், கால் சோர்ந்திருக்கலாம். அதனால் மேடையை வெளியே தெரியவைத்தும் நீந்தவிடுவார்கள். தெரியும் மேடைக்கு நேரே போய், மறைந்ததை மட்டும் தேடி அலைந்தால்தான் நினைவைச் சந்தேகிக்கலாம். வகுப்பில் இந்த நிதானம் நமக்கு இல்லை. வலிப்பு மாத்திரையின் அசதியில் தூங்கி வழியும் பிள்ளையை மந்தமென்று முடிவுகட்டி, கடைசி வாங்கில் இருத்திவிடுகிறோம். அது பெரிய அநியாயம்.

"சின்ன வயசு, தானாகச் சரியாகும்" என்று திரும்பத் திரும்ப வரும் வலிப்பை விட்டுவிடுவதும் பிழை. ஃப்ளூரோதைல் என்ற வலிப்பூட்டும் ஆவியால் குட்டி எலிகளுக்குப் பலமுறை வலிப்பு வரவழைத்தபோது, உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பின. ஆனாலும் வளர்ந்தபின் அதே தொட்டியில் அவை தடுமாறின.

வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டல் போன்ற மருந்தும் குட்டி எலிகளின் கற்றலைப் பாதிக்கிறது என்று படித்துவிட்டு, மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பே வரலாம். மாத்திரையை மாற்றுவதா என்பதை கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் கையில் இரும்பைக் கொடுத்துக் காத்திருக்காமல் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். லயத்துக்கு அது வந்து சேர நேரமாகுமென்றால், கிடைக்கிற வாகனத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் புறப்படுங்கள்.

அந்தத் தாயிடம் நான் திருப்பிக் கேட்டவை மூன்று: எத்தனை நிமிடம் நீடித்தது, எத்தனை தடவை வந்தது, காய்ச்சல் இருந்ததா?