சிடி, டிவிடில பிசுக்கா? இப்படி துடைங்க

மூர் மார்க்கெட், பர்மா பஜார் பக்கம் வாங்குன பழைய சிடி டிவிடில விரல் ரேகை, ஸ்டிக்கர் பிச்ச பசைன்னு பிசுபிசுன்னு இருந்தா தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போயிடாதீங்க, பிளாஸ்டிக்கே மங்கிப் போயிடும். தூசிய ஊதிட்டு, வெதுவெதுப்பான தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணிய நனைச்சு நடு ஓட்டைலேருந்து வெளி ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா தேய்ச்சா டேட்டா ஓடுற பாதையிலயே கீறல் விழுந்து பிளேயர் திக்கித் திக்கி நிக்கும். பசை அப்பவும் விடலையா, மெடிக்கல் ஷாப்ல ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி லேசா ஒத்தி எடுங்க. சிடில பேர் போட்ட பக்கம்தான் ரொம்ப உஷார், டேட்டா அந்தப் பக்கத்து மெல்லிசு லேக்கர் பூச்சுக்கு அடியிலயே இருக்கு, நகத்தால சுரண்டுனா போச்சு. அப்புறம் நம்ம மெட்ராஸ் வெயில்ல காய வைக்காம ஃபேனுக்கு கீழ வைங்க.