18 ஆகும் முன் வீட்டை விட்டுப் போவது: இந்தியச் சட்டத்தில் பலர் தவறிவிடும் இடங்கள்

வீட்டில் இனி இருக்கவே முடியாது என்று தோன்றும்போது பலரும் முதலில் இணையத்தில்தான் தேடுகிறார்கள். அங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் 14 வயதைத் தாண்டியவர், பெற்றோர் சம்மதத்தோடு தனியே வசித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால், அவர்கள் பொறுப்பிலிருந்து விலக நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இந்தியாவில் அப்படி ஒரு வழியே கிடையாது. 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டப்படி 18 முடியும்வரை நீங்கள் மைனர்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் மைனர் போடும் கையெழுத்தும் செல்லாது. கல்யாணம் செய்துகொண்டால் விடுதலை என்று நம்புவது அதைவிட ஆபத்து. அது குழந்தைத் திருமணம். கூட வாழ்பவர் மீது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி வழக்கும் வரலாம்.

“நானாகத்தானே வந்தேன், யாருக்கு என்ன பிரச்சினை?” என்ற எண்ணம் நண்பர் வீட்டுக்காரர்களைச் சிக்கலில் மாட்டிவிடும். இந்தியாவின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவின்படி, கார்டியன் சம்மதமின்றி 18 வயதுக்குட்பட்டவரை அழைத்துப்போவதோ ஆசைகாட்டி வரவழைப்பதோ கடத்தல். 7 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். பிள்ளையின் சம்மதம் கணக்கில் வராது. தானாகக் கிளம்பி வந்தவருக்குத் துணையாக இருப்பது வேறு, கூட்டிப்போவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் சொல்லியிருக்கிறது. உண்மைதான். ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம். அதற்குள் வழக்குப் பதிவாகியிருக்கும். எனவே அடைக்கலம் கொடுக்கும் பெரியவர்கள் ஒளித்துவைக்காமல் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. கோபத்தில் “வெளியே போ” என்று சொல்லிக் கதவைச் சாத்த உங்களுக்கு உரிமை இல்லை. மைனர் பிள்ளையைக் கைவிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி குற்றம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ‘சட்டப்படி போக முடியாதே’ என்று அடியையும் பாலியல் தொல்லையையும் பொறுத்துக்கொண்டு கிடப்பது. வீட்டை விட்டு ஓடிவந்த மைனரை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே சொல்கிறது. 1098-க்கு இரவு, பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

அங்கே போன பிறகும் பலர் தவறுகிறார்கள். பெற்றோரைப் பார்த்ததும் பயந்து, “ஒன்றுமில்லை, சின்னச் சண்டைதான்” என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் குழு உங்களை அதே வீட்டுக்கே அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். பெற்றோர் முன்னிலையில் பேச முடியாவிட்டால், தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, வேறு யாருக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். காயமோ மிரட்டல் மெசேஜோ இருந்தால் காட்டுங்கள். பாட்டி, சித்தி, மாமா என்று நம்பிப் போய் இருக்கக்கூடியவர் இருந்தால், அவர் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். குழு விசாரித்து, அது பாதுகாப்பான இடம் என்று கண்டால், உங்களை அவர் பொறுப்பில் விடலாம்.