‘எலெக்ரிக்’ இசைத்தொகுப்பை முழுமையாகக் கேட்கும் முறை

பெற் ஷொப் போய்ஸ் என்னும் ஆங்கிலேய இருவர் இசைக்குழுவை வன்னியில் அறிந்தவர்கள் பெரும்பாலும் ‘வெஸ்ற் என்ட் கேர்ள்ஸ்’ என்ற ஒரு பாடலின் மூலமே அறிந்திருப்பார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் பென்டிரைவில் ஏற்றிக்கொடுத்த பழைய ஆங்கிலப் பாடல்களுக்கு நடுவே அது இடம்பிடித்திருக்கும். 1986 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்த அந்தப் பாடல் இன்றைக்கும் கேட்கக் கூடியதுதான். ஆயினும் இவர்களைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் ஒருவருக்கு, அதற்கு 27 ஆண்டுகள் பிந்தி 2013 யூலையில் வெளியான ‘எலெக்ரிக்’ என்ற தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனையுடன்: அதன் ஒன்பது பாடல்களையும் வரிசை குலைக்காமல், இடையில் எழும்பாமல், ஒரே இருப்பில் கேட்க வேண்டும். அந்தத் தொகுப்பின் பலத்தில் பாதி அதன் வரிசையில்தான் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. நீல் ரெனன்ற், கிறிஸ் லோ ஆகிய இருவரும் 1981 இல் லண்டனின் கிங்ஸ் றோட்டில் இருந்த ஓர் இலத்திரனியல் சாமான் கடையில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். ரெனன்ற் பாடுவார், லோ பெரும்பாலும் வாய் திறக்காமல் கீபோர்ட்டுக்குப் பின்னால் நிற்பார். 2012 இல் இவர்கள் வெளியிட்ட ‘எலீசியம்’ வயது போவதைப் பற்றியும், பெயரும் புகழும் மங்குவதைப் பற்றியும் மெல்லிய குரலில் பேசிய, வேகம் குறைந்த தொகுப்பு. அத்துடன் 1985 முதல் தங்கள் இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த பார்லஃபோன் நிறுவனத்தை விட்டு விலகினார்கள். விடைபெறுவதற்குரிய பாட்டுகளைப் பாடி முடித்துவிட்டார்கள் என்று பலர் எண்ணியிருந்த வேளையில், ஓர் ஆண்டுகூட நிறையமுன், சொந்த வெளியீடாக, முழுக்க முழுக்க ஆடுவதற்குரிய ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ரெனன்ற்றுக்கு அந்த மாதம் 59 வயது நிறைந்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 1993 க்குப் பின்னர் அதுவரை அவர்களுடைய எந்தத் தொகுப்பும் அவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கவில்லை.

முதல் வேலை, பாடல்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது. முழுத் தொகுப்பும் ஏறத்தாழ 49 நிமிடம். விநாடிக்கு 160 கிலோபிற் தரத்தில் எடுத்தால் 60 எம்பிக்குச் சற்றுக் குறைவாகவும், 320 இல் எடுத்தால் 120 எம்பிக்குச் சற்றுக் குறைவாகவும் டேற்றா போகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நகரங்களில் நேரடியாகக் கேட்பதில் சிரமம் இல்லை. ஆனால் உள்ளூர்களுக்குப் போகப் போக சிக்னல் ஏறி இறங்குவதால், பாட்டு நடுவழியில் நின்று மறுபடி தொடங்கும். தாளத்தையே முதுகெலும்பாகக் கொண்ட இசைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே, டவுனுக்குப் போகும் நாளில் அல்லது இரவு டேற்றா இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு, கேட்கும்போது போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிள், ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒட்டிவிடும் குறொஸ்ஃபேட் ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். ‘பேஸ் பூஸ்ற்’ என்ற பொத்தானையும் தொட வேண்டாம். தேவையான கனம் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது.

போனின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். அந்தச் சிறு துவாரம் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை; இந்த இசையின் அடித்தாளமோ பெரும்பகுதி 50 க்கும் 100 க்கும் இடையில் நிற்கிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: முதற் பாடலான ‘அக்சிஸ்’ஸின் முதல் இரண்டு நிமிடத்தைப் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள், பிறகு வயருள்ள சாதாரண ஹான்ட்ஸ்ஃபிறீ ஒன்றைக் காதுக்குள் நன்றாக அழுத்திச் செருகிக் கேளுங்கள். முதலில் வெறும் கிணுகிணுப்பாகத் தெரிந்தது இப்போது நிலத்தில் ஊன்றி நடக்கத் தொடங்கும்.

ஸ்பீக்கர் பெட்டியில் கேட்பவர்கள் அறையைக் கவனிக்க வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டப்பட்ட எங்கள் கல்வீடுகள் பலவற்றில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், சீற் கூரை என்பதால், ஒலி சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பிவிடும். பெட்டியை மூலைக்குள் தள்ளி வைத்தால் அடித்தாளம் வீங்கி மற்றவற்றை விழுங்கும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, காது மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். எதிர்ச்சுவரில் கனமான போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். எல்லாவற்றையும்விட நல்லது, பெட்டியை வெளியே எடுத்து முற்றத்தில் வைத்துக் கேட்பது; திறந்த வெளியில் மோதுவதற்குச் சுவர் இல்லை. அயலில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஹான்ட்ஸ்ஃபிறீயோடு நின்றுகொள்வதே முறை.

இனி, ஒரே இருப்பில் கேட்பது பற்றி. இன்றைய இளையவர்கள் இருபது விநாடி கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். ஆனால் வன்னியின் மூத்த தலைமுறைக்கு முழுக் கசெற்றையும் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் நன்றாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவும் பாட்டும் கேட்டவர்கள் அவர்கள். அப்படிக் கிடைத்த மின்சாரத்தை ஓட்டிப் பார்ப்பதிலும் திருப்பிப் போடுவதிலும் யாரும் செலவழிக்கவில்லை. அந்தப் பொறுமையைத்தான் இந்த 49 நிமிடமும் கேட்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஓமந்தைக்கு வடக்கே கிளிநொச்சி வரை பாதை மீண்டும் திறக்கப்பட்டதும் இந்தத் தொகுப்பு வந்த அதே 2013 இல்தான். பஸ்ஸில் வேண்டாம்: சாரதியின் பாட்டு உங்கள் பாட்டை வென்றுவிடும்.

‘அக்சிஸ்’ தொடங்கும்போது பாட்டை எதிர்பார்க்காதீர்கள். ஏறத்தாழ ஐந்தரை நிமிடத்தில், இயந்திரத்தால் மாற்றப்பட்ட ஒரு குரல் மின்சக்தியைப் பற்றிச் சில சொற்களை மட்டும் சொல்கிறது. இங்கே செய்ய வேண்டியது எண்ணுவது. நான்கு தாள அடி ஒரு சுற்று. எட்டுச் சுற்று சேர்ந்தால் 32 அடி. விரலால் தொடையில் தட்டிக்கொண்டு 32 எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை முடியும் இடங்களைச் சுற்றியே புதிதாக ஒன்று உள்ளே வரும், அல்லது இருந்த ஒன்று விலகும்: ஒரு சிஞ்சாச் சத்தம், ஒரு கீழ்ச்சுரம், அல்லது முழு அடித்தாளமும் நின்று சிறு வெறுமை. இதைக் கண்டுகொண்டவருக்கு ‘ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது’ என்ற குறை மறைந்துவிடும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியவிடிய இருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அண்ணாவியார் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடப் பாட, மத்தளம் மாறாமல் நிற்க, அந்தத் திரும்புதலே ஆளை உள்ளே இழுக்கும். ஐரோப்பிய நடன இசையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. இந்தத் தொகுப்பைத் தயாரித்த ஸ்ருவேர்ட் பிறைஸ், 2005 இல் மடோனாவுக்காக நிறுத்தமில்லாமல் ஓடும் ஒரு முழு நடனத் தொகுப்பைச் செய்து கொடுத்தவர். எதை எப்போது உள்ளே விட வேண்டும், எதை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு.

இரண்டாம் பாடல் ‘பொல்ஷி’யை ரசித்துவிட்டுக் கடந்து செல்லலாம். மூன்றாவதில் நிதானிக்க வேண்டும். ‘லவ் இஸ் அ பூர்ஷுவா கொன்ஸ்ற்றக்ற்’ என்ற அந்தப் பாடல் தனக்குள் 300 ஆண்டுகளை வைத்திருக்கிறது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பேர்சல் 1691 இல் ‘ஆர்தர் மன்னன்’ என்ற மேடை நாடகத்துக்கு எழுதிய இசையை எடுத்து, 1982 இல் மைக்கல் நைமன் என்ற இசையமைப்பாளர் ஒரு திரைப்படத்துக்காகப் புதிதாகச் செய்தார். நைமனுடைய அந்த இசையின் மேல்தான் இவர்கள் இந்தப் பாடலைக் கட்டியிருக்கிறார்கள். யூரியூப்பில் நைமனின் மூலத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்: வயலின்களும் ஊதுகருவிகளும் துள்ளிய அதே சுரவரிசையில் இப்போது சின்தசைசர் என்ற மின் இசைக்கருவி துள்ளுவதையும், ஆண்குரல்கள் கூட்டமாகச் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்துவதையும் காண்பீர்கள்.

சொற்களும் அதே அளவுக்குக் கெட்டித்தனமானவை. காதலி கைவிட்ட ஒருவர், காதல் என்பதே பூர்ஷுவாக்களின், அதாவது வசதிபடைத்த முதலாளி வர்க்கத்தினரின், கற்பிதம் என்று முடிவுகட்டி, உலகத்தை வெறுத்து, கார்ல் மார்க்ஸைப் படித்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறார். பூர்ஷுவாக்களைத் துறந்துவிட்டேன் என்கிறார். எதுவரைக்கும்? நீ திரும்பி வரும்வரைக்கும். அந்த ஒரு வரிக்காகக் காத்திருங்கள். ஆறரை நிமிடத் தத்துவமும் அங்கே ஒரே அடியில் சரிந்து, உள்ளே இருந்த மனிதன் வெளியே தெரிகிறான். அரசியற் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். அவர்களுக்கு இந்த ஆளை நன்றாகவே தெரிந்திருக்கும்.

‘ஃபுளுவரெசென்ற்’ இருட்டான, குளிர்ந்த பாடல். ‘இன்சைட் அ டிறீம்’ அதைச் சற்று இளக்குகிறது. இரண்டிலும் சொற்களை விட்டுவிட்டு, குரல் எவ்வளவு பின்னால், எவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஆறாவதாக வருவது ‘த லாஸ்ற் ரு டை’. இது இவர்கள் எழுதியதல்ல; அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் தம்முடைய 2007 ஆம் ஆண்டுத் தொகுப்பில் கித்தார்களோடு பாடியது. அதன் மையத்தில் நிற்கும் கேள்வி இன்னும் பழையது. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய இளைஞரான ஜோன் கெரி, 1971 ஏப்ரலில் அமெரிக்க செனற் சபைக் குழுவின் முன் அமர்ந்து, ஒரு தவறுக்காகக் கடைசியாகச் சாகும்படி ஒரு மனிதனை எப்படிக் கேட்பீர்கள் என்று வினவினார். அந்த வினாவைத்தான் ஸ்பிறிங்ஸ்ரீன் பாட்டாக்கினார். பெற் ஷொப் போய்ஸ் கித்தார்களை எடுத்துவிட்டு, அந்த மெட்டைச் சின்தசைசரில் வைத்து, கீழே நடனத் தாளத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். ஸ்பிறிங்ஸ்ரீன் கோபத்தோடு உரத்துப் பாடியதை ரெனன்ற் செய்தி வாசிப்பவர்போல, ஏற்ற இறக்கம் குறைத்துப் பாடுகிறார். கோபம் போன இடத்தில் கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. வன்னியில் இருந்து கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதற்தடவை இதைத் தனியே இருந்து கேளுங்கள். கூட இருப்பவர் எதை நினைப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. இதை மட்டும் பிடுங்கி எடுத்து வேறு சோகப் பாட்டுகளோடு சேர்த்துவிடவும் வேண்டாம். ஆடிக்கொண்டிருக்கும் மனிதர்களின் நடுவே இந்தக் கேள்வி வந்து நிற்பதும், அதற்குப் பிறகும் ஆட்டம் தொடர்வதும்தான் இந்தத் தொகுப்பை 2013 இன் பல நடனத் தொகுப்புகளிலிருந்து பிரித்து, இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

‘ஷவுற்றிங் இன் த ஈவினிங்’ எல்லாவற்றிலும் குறுகியது, கரடுமுரடானது. முந்திய பாடலின் கனத்தை உடைப்பதற்கு அது அங்கே தேவை. ‘தேர்ஸ்டே’யில் ஒருவர் வியாழக்கிழமை வந்தவரை வாரம் முடியும்வரை தங்கிப் போகும்படி கெஞ்சுகிறார், எக்ஸாம்பிள் என்ற இளைய கலைஞர் நடுவில் ராப் பாடுகிறார். கடைசிப் பாடல் ‘வோக்கல்’. முன்பின் அறியாத மனிதர்களின் நடுவே நின்று, இது என்னுடைய வகை இசை என்று மகிழ்ந்து, பாடுபவனின் குரலில் உள்ள தனிமையையும் விரும்புகிற ஒருவனின் பாட்டு அது. முதற் பாடலில் குரல் இயந்திரத்துக்குள் ஒளிந்திருந்ததையும், இங்கே அது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பதையும் வரிசையாகக் கேட்டவர் மட்டுமே உணர்வார். அது பெருகி உயரும் இடத்தில் சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலும் பிழையில்லை.

இரண்டாம் தடவை, சில நாள் விட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கிலம் கடினம் என்றால் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் பாடல்களின் வரிகள் மட்டும் போதும். அதற்குப் பிறகு ஸ்ருவேர்ட் பிறைஸே தயாரித்த ‘சூப்பர்’ (2016), ‘ஹொற்ஸ்பொற்’ (2020) ஆகிய இரண்டையும் இதன் தொடர்ச்சியாகக் கேட்கலாம். இவற்றில் பேர்லின் நகரில் பெரும்பகுதி பதிவான இரண்டாவதே எனக்கு உவப்பானது. பின்னோக்கிப் போக விரும்புபவர்கள், ஆறு நீண்ட பாடல்கள் மட்டும் கொண்ட 1988 இன் ‘இன்ற்றொஸ்பெக்ரிவ்’ தொகுப்பை எடுங்கள். நீண்ட நடனப் பாட்டுக்குள் ஒரு கதையை வைக்கும் வித்தையை இவர்கள் அங்கேதான் முதலில் முழுமையாகச் செய்து காட்டினார்கள். ‘எலீசியம்’ தொகுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.