ஊருக்குப் போய் எண்ணெய் மசாஜ் செய்ய நினைக்கும் சீனி வருத்தக்காரருக்கு

ஊருக்குப் போகிறவர்களின் பட்டியலில் கோயில், கல்யாணவீடு, காணி அலுவல் என்பவற்றோடு இப்போது மசாஜும் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல்களிலேயே ஸ்பா இருக்கிறது. திரும்பும் வழியில் நீர்கொழும்பிலோ பெந்தோட்டையிலோ இரண்டு நாள் தங்கி, ஆயுர்வேத எண்ணெய் தேய்த்து, மூலிகை வேது பிடித்துவிட்டு விமானம் ஏறுகிற குடும்பங்கள் நிறைய. அந்தக் குடும்பத்தில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, பல வேளை இருவருக்குமே, சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கும். வரவேற்பு மேசையில் நீட்டும் படிவத்தில் வேறு நோய்கள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு உள்ளே போவார்கள். சொன்னால் செய்ய மாட்டார்கள் என்ற பயம், இல்லையென்றால் முன்பின் தெரியாத பிள்ளையிடம் இதையெல்லாம் ஏன் சொல்வான் என்ற கூச்சம்.

சொல்லிவிட்டே போங்கள். சீனி ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்து, காலில் புண் எதுவும் இல்லாதவர் மிதமான எண்ணெய் மசாஜ் செய்வதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உடம்பு தளரும், நித்திரையும் வரும். கவனிக்க வேண்டியது மசாஜோடு சேர்ந்து வரும் மற்றவற்றைத்தான். அவை என்னவென்று தெரிந்தால், ஸ்பா அட்டையில் எழுதியிருக்கும் நீளப் பட்டியலில் எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்பது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

முதல் பயம் சூடு

பல வருடம் சீனி இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு விறைப்பு இருக்கும், இரவில் உள்ளங்கால் எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். சிலருக்கு இது ஒன்றுமே இருக்காது, ஆனால் உணர்ச்சி போயிருக்கும். அவர்களுக்கே அது தெரியாது.

என் பெரியப்பா சுவிஸிலிருந்து போனபோது நடந்ததைச் சொல்கிறேன். மசாஜுக்கு முன் கால் கழுவிவிடுவது அங்கெல்லாம் ஒரு வழக்கம். பித்தளைச் சட்டியில் சுடுதண்ணி, ஒரு பிடி உப்பு, வட்டமாக வெட்டிய தேசிக்காய், மேலே செவ்வரத்தம்பூ இதழ். கழுவிவிட்ட பிள்ளை முறையாகத்தான் கேட்டது: "சூடு காணுமோ ஐயா?" அவர், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ பிள்ளை, ஒண்டும் சுடேல்லை" என்றார். பின்னேரம் சப்பாத்தைக் கழற்றும்போது பெருவிரலடியில் நெல்லிக்காய் அளவில் கொப்புளம். நோவே இல்லை. சொக்ஸ் ஈரமாக இருந்தபடியால்தான் பார்த்தார். சுவிஸுக்குத் திரும்பிய பிறகும் கிழமைக்குக் கிழமை மருந்து கட்டப் போக வேண்டி வந்தது. அந்தப் பிள்ளையில் பிழை சொல்ல முடியாது. உணர்ச்சி குறைந்த காலிடம் சூட்டைக் கேட்டால் அது சரியான மறுமொழி சொல்லாது.

ஆகவே தண்ணீரின் சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள். கூட வந்தவரின் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். உடம்புச் சூட்டுக்கு மேல், அதாவது 37 பாகைக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவும் வேண்டாம். கிழி ஒத்தடம் என்று, மூலிகையைத் துணியில் பொட்டலமாகக் கட்டிச் சூடான எண்ணெயில் தோய்த்து ஒற்றுவார்கள். முதுகுக்கும் தோளுக்கும் செய்யலாம், முன்கையின் உட்புறத்தில் முதலில் வைத்துப் பார்த்த பிறகு. முழங்காலுக்குக் கீழே கிழி வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாராவில் எண்ணெய் இளஞ்சூடாகத்தான் இருக்கும். அதில் இந்தச் சிக்கல் குறைவு.

தலை மட்டும் வெளியே தெரிய உடம்பை மூடி ஆவி பிடிக்கும் மரப்பெட்டி இருக்கிறதே, இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். சூட்டில் தோலுக்கடியில் இரத்த ஓட்டம் கூடும், போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் சேரும், சீனி திடீரென்று இறங்கும். வியர்வையில் நீரும் போகும். இரத்த அழுத்தக் குளிசையும் எடுப்பவர் என்றால் பெட்டியிலிருந்து எழும்பும்போது தலை சுற்றி, எண்ணெய்க் காலோடு வழுக்கி விழ இடமிருக்கிறது.

திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகாமல் வரமாட்டார்கள். அங்கேயும் இதே கதைதான். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை. வாளியை வாங்கியதும் அள்ளிக் காலில் ஊற்றாமல், மற்றவர் கை வைத்துப் பார்த்த பிறகு குளியுங்கள். மத்தியான வெயிலில் தரையும் சுடும், காலையிலேயே போய்விடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தவர்கள், அன்றைக்கே மசாஜுக்குப் போவதென்றால் முதலில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளமோ கீறலோ இருந்தால் காலைத் தொடவிடாதீர்கள்.

இன்சுலினும் குளிசையும்

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தாலும் இன்சுலின் வேகமாகச் சேரும். அன்று வயிற்றில் போட்டிருந்தால் வயிற்றைத் தேய்க்க வேண்டாம், தொடையில் போட்டிருந்தால் தொடையைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசிக்கு இது முக்கியம். முழு உடம்பு மசாஜ் என்று பதிவு செய்திருந்தால் அந்த ஊசி போட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் போவதே வசதி.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். எண்ணெய்ச் சிகிச்சைக்கு அது வழக்கமான அறிவுரை. ஆனால் இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் மருந்தை எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடப்பது ஆபத்து. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்து நேரம் கேளுங்கள். கொடுப்பார்கள். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது, அவர் இதற்குப் பயப்படத் தேவையில்லை.

படுக்க முன் விரலில் குத்திப் பாருங்கள். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, சுவிஸ் மானிகள் 5.6 என்று காட்டுவதை ஊரில் 100 என்பார்கள். உங்கள் எண்ணை 18 ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வரும். 3.9 என்றால் 70, 10 என்றால் 180, 13.9 என்றால் 250. ஊர் வைத்தியரிடமோ தாதியிடமோ பேசும்போது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு இப்ப ஏழு" என்றால் அவர்களுக்கு விளங்காது. இன்சுலின் போடுகிறவர், 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கற் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். 250ஐத் தாண்டி உடம்பும் சரியில்லை, தாகமும் சத்தியும் இருக்கிறது என்றால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம். வைத்தியரைப் பாருங்கள்.

படுத்திருக்கும்போது சீனி இறங்குவதைக் கண்டுபிடிப்பது கடினம். வியர்வை, அயர்வு, கண் சொருகல் எல்லாம் நல்ல மசாஜிலும் வரும். தேய்க்கிறவர் நீங்கள் நித்திரையாகிவிட்டீர்கள் என்று நினைத்து விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அதனால் முதலே சொல்லி வையுங்கள்: "இடைக்கிடை என்னோட கதையுங்கோ, நான் மறுமொழி சொல்லாட்டி எழுப்புங்கோ." கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் குளிசையோ சீனி போட்ட சோடாவோ இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ ஒரு சின்னக் கிளாஸ் சோடாவோ குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். டயற் சோடா உதவாது. சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சீனி அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சரைக் கையில் ஒட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் பட்டால் ஒட்டு கழன்றுவிடும், அதைச் சுற்றிவர ஒரு கையகல இடத்தைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத இறக்கத்தையும் காட்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்தியே பாருங்கள், ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய மானியையும் கொண்டுபோங்கள். இன்சுலின் பம்ப் போட்டிருப்பவர் அதைச் சூடான அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, உள்ளே இருக்கும் இன்சுலின் கெட்டுவிடும். இன்சுலின் பேனையை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டு ஸ்பாவுக்குள் போகாதீர்கள். ஒரு மத்தியானமே போதும், அது பழுதாக.

கல்யாணவீட்டுக்குப் பெடிக்கியூர்

கல்யாணத்துக்கு முதல்நாள் பெண் வீட்டார் எல்லாருமாக சலூனுக்குப் போவார்கள், சித்தி, மாமி எல்லாரும் காலை நீட்டுவார்கள். குதிக்காலில் காய்த்த தோலை பிளேட்டால் சீவுவது, நகக்கண்ணில் தோலை வெட்டுவது, நகத்தின் ஓரத்தை ஆழமாகக் குடைவது, மூன்றும் சீனி வருத்தக்காரருக்கு ஆகாது. சின்னக் கீறல் கிருமி புக வழிவிடும், இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது இலகுவில் ஆறாது. நகத்தை நேராக வெட்டி, அரத்தால் மெல்லத் தேய்த்து, பூச்சுப் பூசினால் போதும். நகவெட்டியும் அரமும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். எண்ணெயோ கிறீமோ விரலிடுக்கில் தங்கக் கூடாது, ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துவாயால் ஒவ்வொரு இடுக்காக ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் காலை விட்டு மீனைக் கடிக்க விடும் ஸ்பா உங்களுக்கு இல்லை. ஒரே தண்ணீரில் எத்தனையோ பேரின் கால் போகிறது. சீனி உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் (HPA) 2011இலேயே சொல்லிவிட்டது.

விமானத்தால் இறங்கிய கால்

ரொறொன்ரோவிலிருந்து வருகிறவர் ஒரு நாள் முழுக்க இருந்தபடி வருகிறார். இறங்கியதும் கால் வீங்கியிருக்கிறது, ஒரு மசாஜ் செய்தால் சரி என்று தோன்றும். இரண்டு காலும் ஒரே அளவில் கொஞ்சம் வீங்கினால் நடந்தாலே இறங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, தொட்டால் சுட்டால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். எண்ணெயைக் கையில் எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் போதனா வைத்தியசாலை இருக்கிறது. டயலிசிஸ் செய்பவர்கள் ஊசி ஏற்றும் கையையும் தேய்க்கக் கொடுக்கக் கூடாது.

உள்ளே கொடுக்கும் மருந்து

ஏழு நாள், பதினாலு நாள் ஆயுர்வேதப் பொதிகளில் எண்ணெயோடு கஷாயம், லேகியம், பேதிக்குக் கொடுத்தல் எல்லாம் சேர்ந்து வரும். இந்தியாவுக்குப் போய்ச் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். லேகியத்தில் பெரும்பாலும் சீனியோ சர்க்கரையோ தேனோ இருக்கும். பாகற்காய்ச் சாறு போன்றவை உங்கள் குளிசையோடு சேர்ந்து சீனியை மேலும் இறக்கலாம். பேதி மருந்துதான் எனக்கு மிகப் பெரிய கவலை. போர்சிகா, ஜார்டியன்ஸ் போன்ற குளிசை எடுப்பவர் பேதியாகி நீர் வற்றினால் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் சீனி அளவு அவ்வளவு கூடாமலேயே. எண்ணெய்ச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்மருந்தை உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடாதீர்கள். "இதைக் குடிச்சா ஊசியை நிப்பாட்டலாம்" என்று யார் சொன்னாலும் நிற்பாட்டாதீர்கள்.

ஸ்பாவைவிடச் சித்த வைத்தியம் தெரிந்தவரிடம் போக விரும்பினால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. தொக்கணம் என்று சித்தத்தில் மசாஜுக்கே ஒன்பது வகை உண்டு. முறுக்கலும் இழுத்தலும் வேண்டாம், மெல்லத் தடவிப் பிடித்துவிட்டால் போதும் என்று வைத்தியரிடமே பேசி முடிவெடுக்கலாம்.

எப்படிச் சொல்வது

வடக்கில் என்றால், "தங்கச்சி, எனக்குச் சீனி இருக்கு. இஞ்ச ஊசி போட்டனான், இந்த இடத்தை அழுத்தாதைங்கோ. காலுக்குச் சூடு வேண்டாம்" என்றால் போதும். தெற்கில் தேய்ப்பவர் சிங்களம் பேசுவார். "மட்ட தியவெடியாவ தியெனவா" என்றால் எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. "ரஸ்னே எப்பா" என்றால் சூடு வேண்டாம். இந்த இரண்டையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்து எழும்பும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் இருந்து, தண்ணீர் குடித்து, காலைத் துடைத்துச் செருப்புப் போட்ட பிறகு இறங்குங்கள். திரும்ப ஒருமுறை குத்திப் பாருங்கள், இன்சுலின் போடுகிறவர் அன்றிரவு படுக்க முன்னும் பாருங்கள். மயக்கம் வந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்துவிட்டு, இலங்கையில் 1990, தமிழ்நாட்டில் 108 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்து, சீனி வருத்தக்காரர், இன்சுலின் போடுகிறவர் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லச் சொல்லிக் கூட வருகிறவருக்குச் சொல்லி வையுங்கள்.