ஆங்கிலத்தின் ‘டைம்’: தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது?

ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் மிகுதியாகப் புழங்குவது ‘டைம்’ என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2006-இல் அறிவித்தார்கள். மொழிபெயர்ப்பில் மிகுதியாக வழுக்கி விழவைப்பதும் அதுவே என்பது என் கணிப்பு. நேரம், காலம், பொழுது, வேளை, சமயம், தடவை, மடங்கு, நாள் என்று தமிழ் தனித்தனியே பிரித்து வைத்திருப்பதை எல்லாம் ஆங்கிலம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவதால், அதைக் கண்டதும் ‘நேரம்’ என்று எழுதிவிடாமல், முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை முதலில் பார்க்க வேண்டும்.

முன்னால் எண் நின்றால் வேலை எளிது. ‘த்ரீ டைம்ஸ்’ என்பது ஒரு செயலைக் குறித்தால் மூன்று தடவை. அளவை ஒப்பிட்டால் மூன்று மடங்கு. கணக்குப் பாடத்தில் வந்தால் பெருக்கல். ஆனால் ‘டென் டைம்ஸ் ஸ்மாலர்’ என்பதைப் ‘பத்து மடங்கு சிறியது’ என்று எழுதக் கூடாது. மடங்கு என்பது பெருகுவதற்கு உரிய சொல். குறைவதைப் ‘பத்தில் ஒரு பங்கு’ என்றால்தான் கணக்கும் தமிழும் ஒருசேரத் தெளிவாகும்.

‘டைம்’ என்பதற்கு முன்னால் நிற்கும் ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ போன்ற முன்னிடைச்சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆறு மணி ரயில் ஆறு மணிக்கே புறப்பட்டால் அது ‘ஆன் டைம்’, அதாவது குறித்த நேரத்தில். அதைப் பிடிக்க நாம் ஐந்து ஐம்பதுக்கே நிலையத்தை அடைந்துவிட்டால் அது ‘இன் டைம்’, அதாவது பிந்திவிடாமல். இதே ‘இன் டைம்’ வேறோர் இடத்தில் ‘போகப்போக’ என்று பொருள்படும். இசையைப் பற்றிய வாக்கியத்தில் ‘தாளம் தப்பாமல்’ என்றாகும். நடுவில் ‘நோ’ புகுந்து ‘இன் நோ டைம்’ என்றாகிவிட்டால், நேரமே இல்லை என்ற பொருள் வராது. நொடிப்பொழுதில் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். ‘அட் ஒன் டைம்’ பெரும்பாலும் ‘ஒரு காலத்தில்’ என்பதைக் குறிக்க, ‘ஒன் அட் எ டைம்’ என்பதோ ‘ஒவ்வொன்றாக’ என்பதைக் குறிக்கிறது.

நம் வழக்கே நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘குட் டைம்’ என்பதை ‘நல்ல நேரம்’ என்று எழுதினால், தமிழ் வாசகருக்குப் பஞ்சாங்கமும் ராகுகாலமும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலக்காரர் சொல்வதோ மகிழ்ச்சியாகப் பொழுது கழிந்ததைத்தான். ‘டேக் யுவர் டைம்’ என்பதை ‘உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வசன வரிகளில் காணும்போது எனக்கு எரிச்சலே வருகிறது. ‘அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள்’ என்றுதானே நம் வீடுகளில் சொல்கிறோம்? நெடுநாள் கழித்துச் சந்திப்பவர் ‘இட்ஸ் பீன் எ லாங் டைம்’ என்றால் நேரம், காலம் எதுவும் வேண்டாம். ‘பார்த்து எவ்வளவு நாளாயிற்று’ என்பது போதும்.

இலக்கணமும் ஓரிடத்தில் குழப்பும். ‘இட்ஸ் டைம் வீ லெஃப்ட்’ என்பதில் வினை இறந்தகால வடிவில் நின்றாலும், சொல்லப்படுவது இனி நடக்க வேண்டியது. ‘நாம் கிளம்ப வேண்டிய வேளை வந்துவிட்டது’ என்பதே அதன் பொருள். ‘டைம்’ என்பதற்கு முன்னால் ‘ஹை’ சேர்ந்தால் தாமதத்தைக் கண்டிக்கும் தொனி ஏறுவதால், ‘எப்போதோ கிளம்பியிருக்க வேண்டும்’ என்று எழுதலாம்.

சட்ட ஆவணங்களைத் தமிழாக்குவோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய தொடர் ‘டைம் இஸ் ஆஃப் தி எஸென்ஸ்’. ‘காலம் மிக முக்கியம்’ என்று எழுதினால் அது வெறும் அறிவுரையாகப் போய்விடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, காலக்கெடுவையே அடிப்படையாகக் கொண்டு செய்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு கெடுவைத் தவறவிட்டால், மறுதரப்பு விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். எனவே ‘குறித்த கெடுவுக்குள் நிறைவேற்றுவது இவ்வொப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை’ என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பானது.