ஏ.எல். கணிதப் பிரிவிலிருந்து பொறியியல் பீடம் வரை: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு முறை

"அண்ணா, வகுப்பில இருக்கேக்கை எல்லாம் விளங்குது. வீட்டை போய்த் தனிய இருந்தா ஒரு கணக்கும் வருகுதில்லை."

கோண்டாவிலில் பின்னேரங்களில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் நாலைந்து பேராவது ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன். முதல்தரம் ஏ.எல். (க.பொ.த. உயர்தரம்) எழுதி, பொறியியல் கிடைக்காமல், இரண்டாந்தரம் எழுதிப் போனவன். இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: புள்ளி போடும் முறையை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

பொறியியலுக்கு வேண்டிய பாடங்கள் மூன்று: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது ஏ, பி, சி என்ற சித்திகள் அல்ல, இசட் ஸ்கோர்தான். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்து, மூன்றின் சராசரியைக் காண்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. சராசரி 40, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் நீங்கள் 70 எடுத்தால் 1.5. சராசரி 50, நியம விலகல் 16 உள்ள பாடத்தில் அதே 70 எடுத்தால் 1.25 மட்டுமே. மூன்றாவது பாடத்தில் 0.75 என்றால் கடைசி விடை ஏறத்தாழ 1.17. மூன்று பாடத்துக்கும் ஒரே நிறைதான் என்பதை இதில் பாருங்கள்.

நான் விழுந்த இடம் இதுதான். "மட்ஸ் பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி என்னத்துக்கு, பாஸ் பண்ணினால் காணும்" என்று நினைத்து, சேதன இரசாயனத்தைக் கடைசி இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். கணிதத்தில் வந்த நல்ல புள்ளி முழுவதையும் இரசாயனம் கீழே இழுத்துவிட்டது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இட ஒதுக்கீட்டையும் அறிந்திருங்கள். 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவோடு யாழ்ப்பாணமும் அந்த மாவட்டங்களுக்குள் அடங்கும். ஆனாலும் நம் மாவட்டத்துக்குள்ளேயே போட்டி கடுமை.

படி 2: ஓ.எல். முடிந்த கையோடு அடித்தளத்தைப் போடுங்கள்

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் ஏ.எல். பாடத்தை ஓடி ஓடி முடிக்கத் தேவையில்லை. காரணிப்படுத்தல், சுட்டி, மடக்கை, சமனிலி, திரிகோணகணித விகிதங்கள் ஆகியவற்றைக் கை தயங்காமல் செய்யப் பழகினால் போதும். வகையீட்டில் தடுமாறுகிறேன் என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் உண்மையில் தடுமாறுவது அட்சரகணிதத்தில்.

இன்றே போன் கல்குலேட்டரையும் மறந்துவிடுங்கள். பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் கிடையாது. பின்னங்களைச் சுருக்குவதும் பத்தின் வலுக்களைக் கையாளுவதும் கையால் வர வேண்டும்.

படி 3: ரியூசன் ஒரு மணித்தியாலம் என்றால் தனிய ஒரு மணித்தியாலம்

காலையில் ஒரு ரியூட்டரி, பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூட்டரி, இரவு எட்டு மணிக்குச் சைக்கிளை மதிலில் சாத்தும்போது கண் சொருகும். இந்த வாழ்க்கை எனக்குத் தெரியும். ஒரே பாடத்துக்கு இரண்டு சேரிடம் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஒன்றை விடுங்கள். அந்த நேரத்தில், வகுப்பில் செய்த கணக்கைக் கொப்பி பாராமல் வெறும் தாளில் மறுபடி செய்யுங்கள். வீட்டில் சத்தம் என்றால் பொது நூலகத்துக்குப் போங்கள்.

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் வளநூல்களையும் எடுத்துவையுங்கள். எது பாடத்திட்டத்துக்குள், எது வெளியே என்று அவற்றில் தெளிவாக இருக்கும்.

படி 4: கணக்கை எப்படிச் செய்வது? ஒன்றை எடுத்துப் பார்ப்போம்

ஒப்பமான கிடை மேசையில் 30 பாகை சாய்வுள்ள ஓர் ஆப்பு. அதன் ஒப்பமான சாய்முகத்தில் ஒரு துணிக்கை. ஆப்பின் திணிவு துணிக்கையின் இரு மடங்கு. ஓய்விலிருந்து விட்டதும், ஆப்புச் சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகல் என்ன?

அவசரப்படும் பிள்ளை உடனே "புவியீர்ப்பு ஆர்முடுகலின் அரைவாசி" என்று எழுதிவிடும். பிழை. அது ஆப்பு அசையாமல் நின்றால் வரும் விடை.

பேனையை வைத்துவிட்டு முதலில் பெரிதாக இரண்டு படம் கீறுங்கள். ஒன்றில் விசைகள் மட்டும், மற்றதில் ஆர்முடுகல்கள் மட்டும். துணிக்கைக்கு ஆர்முடுகல் இரண்டு கூறாக இருக்கும்: சாய்முகம் வழியே கீழ்நோக்கி ஆப்புச் சார்பான ஒன்று, ஆப்போடு சேர்ந்து பின்னோக்கி மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கீறாமல் விடுவதால்தான் கணக்குப் பிழைக்கிறது.

இனிச் சமன்பாடுகள். முழுத் தொகுதிக்கும் கிடையாக வெளிவிசை இல்லை. ஆகவே ஆப்பின் ஆர்முடுகலின் மூன்று மடங்கு, சார்பு ஆர்முடுகலின் கோசைன் 30 மடங்குக்குச் சமன். அடுத்தது துணிக்கைக்குச் சாய்முகம் வழியே: நிறையின் சைன் 30 கூறு மட்டும் தொழிற்படும். மறுபக்கத்தில் சார்பு ஆர்முடுகலிலிருந்து ஆப்பின் ஆர்முடுகலின் கோசைன் 30 கூறைக் கழித்து எழுதுங்கள். இரண்டையும் தீர்த்தால் சார்பு ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் மூன்றில் இரண்டு.

சாய்முகத்துக்குச் செங்குத்தான மறுதாக்கம் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? எந்தத் திசையில் சமன்பாடு எழுதினால் வேண்டாத விசை விலகிப்போகும் என்று முதலில் யோசிப்பதுதான் கெட்டித்தனம். இதே கணக்கை மூன்று நாள் கழித்துக் கோணத்தை மாற்றித் திரும்பச் செய்யுங்கள்.

படி 5: பாஸ்ட் பேப்பர், மணிக்கூட்டோடு

பாடம் முழுக்க முடிந்த பிறகு பேப்பர் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். ஓர் அலகு முடிந்ததும் அந்த அலகின் பழைய வினாக்கள். கடைசி ஆறு மாதம் முழுப் பேப்பர்.

இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு வினாத்தாளிலும் பகுதி அ-இல் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி ஆ-இல் 7 வினாவில் 5 செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. நேரம் மூன்று மணித்தியாலம். பகுதி அ-ஐ ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்காத பிள்ளைக்குப் பெரிய வினாக்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடங்கூட இல்லை.

எழுதி முடித்தபின் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டத்தை வைத்து நீங்களே சிவப்புப் பேனையால் திருத்துங்கள். எந்த வரிக்கு 5 புள்ளி என்று பார்த்துவிட்டால், இடைப்படிகளை விழுங்கி விடையை மட்டும் எழுதும் பழக்கம் தானாகவே போய்விடும். பிழைகளுக்கென்று தனிக் கொப்பி வையுங்கள். "குறி பிழை", "அலகு விட்டது", "வினாவை வடிவாக வாசிக்கவில்லை" என்று காரணத்தையும் எழுதுங்கள். என் கொப்பியில் பாதிக்கு மேல் மூன்றாவது காரணம்தான் இருந்தது.

படி 6: ஆங்கிலமும் பொதுப் பரீட்சையும்

ஏ.எல். தமிழில் எழுதலாம். பொறியியல் பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். ஒரு சின்னக் கொப்பியில் ஆர்முடுகல் – அக்செலரேஷன், திணிவு – மாஸ், வகையீடு – டிஃபரென்சியேஷன் என்று நாளுக்கு ஐந்து சொல் எழுதி வந்தாலே முதலாம் வருடம் பயமில்லாமல் போகும். பொதுச் சாதாரண பரீட்சையையும் அலட்சியம் செய்யாதீர்கள். அது இசட் ஸ்கோரில் சேராது, ஆனால் 30 புள்ளி இல்லாமல் பல்கலைக்கழக அனுமதி இல்லை.

படி 7: பெறுபேறு வந்தபின்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் தமிழிலேயே வாசிக்கலாம். அம்மா அப்பாவையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். மொறட்டுவை, பேராதனை, ருகுணை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, தென்கிழக்கு, யாழ்ப்பாணம் என்று ஆறு பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடம் உண்டு. நமது யாழ்ப்பாணப் பீடம் பிரதான வளாகம் இருக்கும் திருநெல்வேலியில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததே ஒரு தெரிவு. போன வருட வெட்டுப்புள்ளியை (இடம் கிடைத்த மிகக் குறைந்த இசட் ஸ்கோரை) பார்த்து, "இது எனக்குக் கிடையாது" என்று விரும்பியதைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்த தெரிவைத்தான் பார்ப்பார்கள், அதனால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதை முதலாவதாகப் போடுங்கள், பிறகு இரண்டாவதை.